தினம் ஒரு படம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். தினம் ஒரு படம் என்று இரண்டு முறை முழு வருஷம் எடுத்து முடித்திருக்கிறேன். அதைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். அப்புறம் பழைய மாணவர்கள், மாடி வீட்டு அக்கா, அத்தை பையன் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் போனில் தனித்தனியாகச் சொல்லும்போது எதையாவது விட்டுவிடுகிறேன். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எளிய கேள்விகள் முதலில் இருக்கின்றன, போகப்போகக் கடினமானவை வரும். நேரம் இல்லாதவர்கள் 5, 10, 13 மூன்றையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. தினம் ஒரு படம்னா, ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணுமா டீச்சர்?

எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். வைத்துக்கொள்வது ஒன்று. நான் பின்பற்றுவது மூன்றே விதிகள். படம் அன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். அன்று தூங்கப் போவதற்கு முன் அதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரி நோட்டில் எழுத வேண்டும்.

மூன்றாவது விதியைத்தான் எல்லோரும் முதலில் விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். காரணம் 13-இல் இருக்கிறது.

2. இதெல்லாம் இப்ப வந்த ட்ரெண்டா? யாரு ஆரம்பிச்சது?

போனில் கேமரா வருவதற்கு முன்னாலேயே இருந்தது. முதல் ஆள் யார் என்று தேடிக்கொண்டு போகாமல், என்னை ஆரம்பிக்க வைத்தவரைச் சொல்கிறேன். ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர். பார்டு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1979 மார்ச் 31 அன்று, எடுத்த உடனே படத்தை அட்டையாக வெளியே தள்ளும் போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராவில் தினம் ஒரு படம் எடுக்கத் தொடங்கினார். 1997 அக்டோபர் 25 வரை எடுத்தார். அன்று அவருடைய 41-வது பிறந்தநாள். புற்றுநோயால் அவர் இறந்ததும் அன்றுதான். 6,000-க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றை நண்பர்கள் 2007-இல் அதே கல்லூரியில் கண்காட்சியாக வைத்தார்கள்.

அந்தப் படங்களில் பெரும்பாலும் சாதாரண விஷயங்கள்தான்: நண்பர்கள், சாப்பாட்டு மேசை, தெரு, அறைக்குள் விழும் வெளிச்சம். போலராய்டில் ஒரு பெட்டிக்குப் பத்துப் படம். நெகட்டிவ் கிடையாது, கையில் வரும் அட்டை ஒன்றுதான் படம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு. இதை நினைத்துக்கொண்டே ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள், கை தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும்.

இன்னொருவர் நோவா கலினா. 2000 ஜனவரியிலிருந்து தினமும் தன் முகத்தையே எடுத்தார். 2006-இல் அவற்றைக் கோத்து வெளியிட்ட காணொளி உலகம் முழுக்கப் பரவியது. நம்மில் பலருக்கு இந்த யோசனை அப்படித்தான் வந்து சேர்ந்தது.

3. என்கிட்ட கேமரா இல்ல, போன்தான் இருக்கு. போதுமா?

போதும். என் முதல் வருஷம் முழுக்க போன்தான். கேமராவுக்குக் காசு சேர்த்துவிட்டு ஆரம்பிக்கலாம் என்று இருந்தவர்கள் யாரும் ஆரம்பித்து நான் பார்க்கவில்லை.

போனில் மூன்று பழக்கம் வந்தால் பாதி குறை தீர்ந்துவிடும். எடுப்பதற்கு முன் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். கைப்பிசுக்கும் வியர்வையும் படிந்த லென்ஸ்தான் விளக்கைச் சுற்றிப் புகைபோல வரக் காரணம். இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்காமல் காலால் நடந்து கிட்டே போங்கள். மூன்றாவது, திரையில் முக்கியமான இடத்தைத் தொட்டதும் வரும் சின்னச் சூரியனை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதுதான் வழி. பத்தாவது கேள்விக்கு இது தேவைப்படும்.

கேமரா வைத்திருப்பவர்கள் ஒரே லென்ஸோடு ஆரம்பியுங்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் என்ன என்று 9-இல் இருக்கிறது) எல்லாக் கம்பெனியிலும் விலை குறைந்தவற்றில் ஒன்று, இருட்டிலும் கை கொடுக்கும்.

4. ஜனவரி 1-லதான் தொடங்கணுமா? நல்ல நாள் பாக்கணுமா?

இன்றைக்கே தொடங்குங்கள். நான் தொடங்கியது ஒரு ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை.

5. எங்க தெருவுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே அக்கா. தினமும் எதைத்தான் எடுக்கறது?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. பித்தளை பாய்லர், கண்ணாடிப் பாட்டிலில் பட்டர் பிஸ்கட், தட்டில் அடுக்கிய பருப்பு வடை. முதல் மாதம் அதை ஏழெட்டு முறை எடுத்தேன். எல்லாமே மத்தியான இடைவேளையில் எடுத்தது. ஒரு படத்தில்கூட ஆவி இல்லை. மாஸ்டர் ஆற்றும்போது கண்ணெதிரே ஆவி பறக்கிறது, படத்தில் காணோம். ஒரு நாள் ஸ்பெஷல் கிளாஸுக்காகக் காலை ஆறே முக்காலுக்கே போனேன். சூரியன் கடைக்குப் பின்பக்கச் சந்திலிருந்து சாய்வாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. மாஸ்டருக்குப் பின்னால் புகை படிந்த கறுப்புச் சுவர். அன்று ஆவி வெள்ளி நூல் மாதிரி ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. ஆவிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டு இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது படத்தில் நிற்கும். இதைப் பல இடத்தில் படித்திருந்தேன். அந்தக் கறுப்புச் சுவர் முன்னால் நின்றபோதுதான் புரிந்தது.

ஆக, பொருளைத் தேடி அலைய வேண்டாம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு ஜன்னல், ஒரு கடை, ஒரு மரம் அல்லது பஸ் ஸ்டாப். வேறு எதுவும் கிடைக்காத நாளில் இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். ஒரே இடத்தை வேறு வேறு நேரத்தில் பார்க்கும்போது, இடம் அப்படியே இருக்க, மாறுவது வெளிச்சம் மட்டும்தான் என்று கண்ணுக்குப் பிடிபடும். புது இடத்துக்குப் போனால் எல்லாமே புதிதாக இருப்பதால் எது மாறியது என்றே தெரியாது.

6. வாரத்துக்கு ஒரு தலைப்பு வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம், நல்லதும்கூட. ஆனால் ‘மகிழ்ச்சி’, ‘நம்பிக்கை’ மாதிரித் தலைப்பு வேண்டாம். அவற்றைக் கேமராவால் பார்க்க முடியாது. ‘கைகள்’, ‘ஈரமான தரை’, ‘கம்பிக்குப் பின்னால் ஏதாவது’, ‘சிவப்பு’, ‘முதுகுகள்’ என்று கண்ணுக்குத் தெரிவதாக வையுங்கள். ‘கைகள்’ என்று வைத்த வாரம்தான் பூக்கட்டும் அம்மாவின் கட்டைவிரல் நாரை எப்படி மடக்குகிறது என்று முதன்முதலாகக் கவனித்தேன். இருபது வருஷமாக அவரிடம்தான் பூ வாங்குகிறேன்.

7. மத்தியானம் எடுத்தா மூஞ்சி எல்லாம் கறுப்பா, கண்ணுக்குக் கீழ குழி மாதிரி வருது. ஏன்?

நம் ஊர் வெயில் அப்படி. மதுரை நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 10 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்துவிடும். மற்ற மாதங்களிலும் நடுப்பகலில் உயரத்தில்தான் இருக்கும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் புருவமும் மூக்கும் நிழல் போடும், கண் குழிந்து தெரியும்.

அந்த நேரத்தில் ஆளைத் திண்ணைக்கோ பந்தலுக்கோ வராண்டாவுக்கோ கூட்டிப் போங்கள். நிழலின் விளிம்பில், வெளியே பார்த்தமாதிரி நிற்கச் சொல்லுங்கள். வெளியே வெயில் பட்ட சிமென்ட் தரையும் எதிர் வீட்டு வெள்ளைச் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அது முகத்தில் மெதுவாக விழும். திருமலை நாயக்கர் மகாலில் முற்றத்துக்கு வெயில் வரும் நேரம் போய், தூண் நிழலில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். அந்த வெளிச்சத்துக்கு நிகராக ஸ்டுடியோவில் வரவழைக்க நிறையச் செலவாகும்.

இன்னொன்று. லண்டன் மாதிரி வடக்கே உள்ள ஊர்களில் சூரியன் சாய்வாக ஏறி இறங்குவதால் பொன்வெயில் நெடுநேரம் நிற்கும். நமக்கு அது ஏறக்குறைய நேராக மேலே ஏறுகிறது. காலையில் அரை மணி, மிஞ்சினால் முக்கால் மணி, அவ்வளவுதான். வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

8. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள இருட்டிடுது. நான் எப்ப எடுக்கறது?

சூரியன் மறைந்து சுமார் இருபது நிமிடம் வானம் நீலமாகவே இருக்கும். அதே நேரத்தில் கடை விளக்குகள் மஞ்சளாக எரிய ஆரம்பித்திருக்கும். அந்த இருபது நிமிடத்தில் பஸ்ஸில் இருந்தால் ஜன்னல் வழியாக எடுங்கள். அதையும் தாண்டிவிட்டால் வெளிச்சம் இருக்கும் இடத்துக்குப் போங்கள். இஸ்திரிக் கடை, பழவண்டியில் தொங்கும் பல்பு, மருந்துக்கடை வாசல். போனையும் முழங்கையையும் சுவரிலோ கம்பத்திலோ ஒட்டிப் பிடித்து, 3 நொடி டைமர் வைத்து எடுத்தால் ஆட்டம் குறையும்.

சில கடைகளின் எல்இடி விளக்கில் படத்தில் வரி வரியாகப் பட்டை விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, 1/100 அல்லது 1/50 நொடி திறக்கும்படி வைத்தால் பட்டை போய்விடும்.

9. அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூணும் குழப்புது. எதை முதல்ல படிக்கணும்?

ஒரு மாதத்துக்கு ஒன்று. முதலில் ஷட்டர், ஏனென்றால் அதன் வேலை கண்ணுக்கு நேராகத் தெரியும். வீட்டு ஃபேனை முழு வேகத்தில் விட்டு, 1/30 நொடியில் ஒரு படம், 1/1000 நொடியில் ஒரு படம் எடுங்கள். முதலாவதில் இறக்கை கலங்கிப் புகைபோல இருக்கும். இரண்டாவதில் ஏறக்குறைய நின்றுவிடும், ஆனால் படம் இருண்டு போயிருக்கும். கதவு குறைந்த நேரமே திறந்திருந்ததால் உள்ளே வந்த வெளிச்சமும் குறைவு. அந்த இருட்டைச் சரிசெய்ய ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற எண்ணை, ஏற்றுவீர்கள், உடனே படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளி வரும். ஒரே ஃபேனில் இரண்டு பாடம் முடிந்தது.

இரண்டாவது மாதம் அபெர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. அதன் அளவைச் சொல்வது எஃப் எண். எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது. எஃப் 1.8-இல் வெளிச்சம் நிறைய வரும், பின்னணி கலங்கும். எஃப் 8-இல் வெளிச்சம் குறையும், முன்னும் பின்னும் தெளியும். போனில் துளை பெரும்பாலும் மாறாது, அதனால் போன்காரர்கள் இந்த மாதம் தூரத்தோடு விளையாடுங்கள். ஒரு செம்பருத்திக்கு மிகக் கிட்டே போனால் போனிலும் பின்னணி கலங்கும். ஐஎஸ்ஓவுக்குத் தனி மாதம் வேண்டாம், மற்ற இரண்டும் பழகும்போது அது தானாக வந்துவிடும்.

10. வெள்ளை வேட்டி சாம்பலா விழுது, காக்கா வெளிறிப்போகுது. என் கேமரா ரிப்பேரா?

இல்லை. உங்கள் கேமரா சரியாகத்தான் இருக்கிறது. அதற்கு எதிரே இருப்பது வேட்டியா காக்கையா என்று பெரும்பாலும் தெரியாது. எதைக் காட்டினாலும் மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் அளவுக்கு வெளிச்சம் வரும்படி கணக்குப் போடும். சட்டம் (படத்தின் நான்கு ஓரத்துக்குள் தெரிவது) முழுக்க வெள்ளை இருந்தால் ‘இவ்வளவு வெளிச்சமா’ என்று குறைக்கும், வேட்டி அழுக்காகும். சட்டம் முழுக்கக் கறுப்பு இருந்தால் ‘இருட்டாக இருக்கிறதே’ என்று கூட்டும், காக்கை வெளிறும். இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் சமாளிக்கின்றன. ஆனாலும் தவறும்.

அதனால் கேமரா நினைப்பதற்கு எதிர்ப்பக்கம் நீங்கள் திருப்ப வேண்டும். வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை. கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கும். வேட்டிக்கு +1, எருமைக்கும் காக்கைக்கும் -1 என்று வைத்து ஆரம்பியுங்கள். போனில் மூன்றாவது கேள்வியில் சொன்ன சூரியனை நகர்த்துங்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மார்கழிக் கோலம். சாணம் தெளித்த கருந்தரை, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. சட்டத்தில் பெரும்பகுதி கருந்தரை என்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். தரை வெளிறிப் புழுதியாகும், மாவுக்கோடு தடித்துப்போய் நெளிவெல்லாம் அழிந்துவிடும். முதல் வருஷம் மார்கழியில் பத்து நாள் இப்படியே போனது. பதினோராம் நாள் போனில் அந்தச் சூரியனைக் கீழே இறக்கி வெளிச்சத்தைக் குறைத்தேன். தரை ஈரமாகக் கறுத்தது, மாடி வீட்டு அக்கா விரலிடுக்கில் மாவு விட்ட இடத்தில் கோடு எங்கே மெலிகிறது, எங்கே புள்ளியைச் சுற்றி வளைகிறது என்பதுவரை தெரிந்தது. அதை அக்காவிடம் காட்டினேன். “என் கோலம் இவ்வளவு நல்லாவா இருக்கு?” என்று கேட்டார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

11. ஒரு நாள் விட்டுப்போச்சு. மறுபடி முதல்ல இருந்தா?

வேண்டாம். அந்த நாளைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த நாளிலிருந்து தொடருங்கள். மறுநாள் இரண்டு படம் எடுத்து ஒன்றை நேற்றைய கணக்கில் போடாதீர்கள். யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அதற்கப்புறம் நோட்டில் இருக்கும் எந்தத் தேதியையும் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

என் இரண்டாவது வருஷத்தில் நான்கு நாள் காலி. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், கேமரா ஞாபகமே வரவில்லை. ஐந்தாம் நாள் விடிகாலை, கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் திட்டில் எவர்சில்வர் டம்ளரும் அதை மூடிய சின்னத் தட்டும் இருந்தன. தட்டின் விளிம்பில் மட்டும் வெளிச்சம். போனில் ஒரு படம் எடுத்தேன். அப்பா நலமாகி வீடு வந்துவிட்டார். அந்தப் படத்துக்கு முன்னால் நான்கு கட்டங்கள் காலியாக இருப்பதால்தான் அந்த டம்ளர் இன்றும் என்னிடம் பேசுகிறது.

12. மூணு மாசம் ஆச்சு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, வெறுத்துப்போச்சு. நிறுத்திடவா?

எல்லோருக்கும் அந்த இடம் வருகிறது. எனக்கு எண்பதாவது நாள் வாக்கில் வந்தது, இரண்டு முறையும். ஆரம்பத்தில் உங்கள் படம் உங்களுக்கே பிடித்திருந்தது. இப்போது பிடிக்கவில்லை. கண் முன்னேறிவிட்டது, கை இன்னும் பின்னால் நிற்கிறது. வெறுப்பு வருவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நிறுத்துவதற்கு இது மிக மோசமான நேரம்.

ஒரு மாதத்துக்கு உங்களை நீங்களே கட்டிப்போடுங்கள். கறுப்பு வெள்ளை மட்டும், அல்லது முழங்கால் உயரத்திலிருந்து மட்டும், அல்லது 5-இல் சொன்ன மூன்று இடங்களில் ஒன்று மட்டும். எதையும் எடுக்கலாம் என்ற நிலையில்தான் சலிப்பு வரும்.

13. ராத்திரி முப்பது படம் இருக்கு. எது நல்லதுன்னே தெரியல. எப்படித் தேர்ந்தெடுக்கறது?

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். பட்டனை அழுத்தும் நேரத்தில் நாம் கற்பது குறைவு. அப்போது கண் பரபரப்பாக இருக்கும், ஆள் நகர்வார், பஸ் வரும். கற்பது ராத்திரி, முப்பதில் இருபத்தொன்பதைத் தள்ளும்போது.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் எல்லாவற்றையும் தீப்பெட்டி அளவுச் சின்னக் கட்டங்களாகப் பார்ப்பேன். அந்த அளவில் முகபாவமோ கதையோ தெரியாது, இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். அப்படியே கண்ணை இழுக்கும் மூன்று நான்கைத் தனியாக வைப்பேன். பிறகு அவற்றைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். தலைகீழாகப் பார்த்தால் மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குடம், தலையிலிருந்து முளைத்த கரண்ட் கம்பம் எல்லாம் உடனே மாட்டிக்கொள்ளும். கடைசியில் இரண்டு நிற்கும். அப்போது ஒரு கேள்வி: ‘இந்த இடத்துக்கு வராத ஒருவருக்கும் இது பிடிக்குமா, இல்லை அங்கே நான் இருந்ததால் எனக்குப் பிடிக்கிறதா?’ உங்கள் குழந்தையின் படம் என்றால் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது கஷ்டம். சொல்லிப் பழகுங்கள்.

பிறகு அந்த ஒரு வரி. என் முதல் மாத நோட்டில் இருப்பவை: ‘பூனை அழகு.’ ‘வடை நன்றாக வந்திருக்கிறது.’ ‘தெப்பக்குளம், மாலை.’ பத்தாவது மாத நோட்டில் இருப்பவை: ‘வலப்பக்கக் கதவு பாதி சாத்தியிருந்ததால் கன்னத்தில் பாதிதான் வெளிச்சம்.’ ‘இன்னும் ஒரு அடி இடப்புறம் போயிருந்தால் சைக்கிள் கைப்பிடி சுவரோடு ஒட்டியிருக்காது.’ இந்த மாற்றம் எந்த நாள் நடந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வரி எழுதாமல் 365 நாள் முடித்தவர்களையும் தெரியும். அவர்களிடம் படங்கள் இருக்கின்றன, ஆனால் அடுத்த படத்தில் எதை மாற்றுவது என்று கேட்டால் யோசிக்கிறார்கள்.

14. எடிட் பண்ணலாமா, அது ஏமாத்து வேலையா?

பண்ணலாம். சாய்ந்த கோட்டை நிமிர்த்துவது, ஓரம் வெட்டுவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் தவறில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். மேலே போனால் மறுநாள் எடுக்கும்போது சரியாக எடுக்க வேண்டியதை எடிட்டுக்குத் தள்ளிவிடுவீர்கள். படத்தில் இருந்த ஆளையோ கம்பத்தையோ அழிப்பதை மட்டும் இந்த ஒரு வருஷம் செய்ய வேண்டாம். கம்பம் உறுத்தினால் நாளைக்கு நகர்ந்து நின்று எடுங்கள்.

15. தெரியாதவங்களை எடுக்க பயமா இருக்கு. கேட்டுட்டு எடுக்கணுமா? கேட்டா போஸ் குடுத்துடறாங்களே?

கேளுங்கள். “அண்ணே, நீங்க கட்டறதை ஒரு படம் எடுத்துக்கவா?” என்று அவர் செய்யும் வேலையைச் சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் சரி என்பார்கள். முதல் படத்துக்கு நிமிர்ந்து விறைப்பாக நிற்பார்கள். அதையும் எடுத்து அவரிடம் காட்டுங்கள், அது அவருக்கான படம். பிறகு அங்கேயே நில்லுங்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகையை எடை போடுகிறவர்களுக்கு உங்களைக் கவனிக்க நேரம் கிடையாது, இரண்டு நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். உங்களுக்கான படம் அப்போது வரும். வேண்டாம் என்று ஒருவர் கையசைத்தால் அதோடு விட்டுவிடுங்கள். மறைந்து நின்று எடுக்காதீர்கள்.

அடுத்தவர் குழந்தைகளைப் பெற்றவர் அறியாமல் எடுக்காதீர்கள். குளிக்கிற இடம், துக்க வீடு, ஆஸ்பத்திரி வார்டில் மற்ற நோயாளிகள், இங்கெல்லாம் கேமராவை எடுக்கவே வேண்டாம். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்குமே செல்போன் தடை வேண்டும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. சுற்றியுள்ள சித்திரை வீதி, ஆடி வீதி என்று ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆடி வீதி மதிலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியே சித்திரை வீதியிலும் மாசி வீதியிலும் ஒரு வருஷத்துக்கு வேண்டிய படம் கிடைக்கும்.

16. தினமும் ஸ்டேட்டஸ்ல போடறேன். யாரும் பாக்கறதில்லை, மனசு விட்டுப்போகுது.

மூன்று மாதம் போடாமல் இருந்து பாருங்கள். நம் படத்தை நாமே எடைபோடக் கற்பதற்கு முன்னால் ஊர் எடைபோட்டால், ஊருக்குப் பிடித்ததையே எடுக்க ஆரம்பித்துவிடுவோம். சூரிய அஸ்தமனமும் நாய்க்குட்டியும்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக ஒரே ஒருவரிடம் காட்டுங்கள். பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். எனக்கு என் நாத்தனார். “இதுல என்னத்தைப் பாக்கச் சொல்ற?” என்று கேட்பாள். பதில் சொல்ல முடியாத படம் சரியில்லாத படம்.

17. படத்தை எல்லாம் எங்க வைக்கறது? போன் ரொம்பிடுச்சு.

தேர்ந்தெடுத்ததை மட்டும் வைத்தால் பெரிய இடம் பிடிக்காது. கேமராவின் ரா ஃபைல் (படத்தைச் சுருக்காமல் சேமிக்கும் பெரிய ஃபைல்) ஒன்று 25 எம்பி என்று வைத்தாலும் 365-க்கு 9 ஜிபி சொச்சம்தான். பெயரை வருஷம்-மாதம்-நாள் வரிசையில் வையுங்கள், தானாக வரிசையாகிவிடும். இரண்டு இடத்தில் வையுங்கள், இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். அதனால் அங்கே இருப்பதைப் பிரதி என்று நம்பாதீர்கள்.

மாதம் ஒரு படத்தைக் கடையில் கொடுத்து அச்செடுங்கள். காகிதத்தில் பார்க்கும்போது தெரியும் குறை திரையில் தெரியாது.

18. மழைக்காலத்துல லென்ஸ் உள்ள வலை மாதிரி படிஞ்சிருக்கு. என்ன அது?

பூஞ்சை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பீரோவுக்குள் பூட்டிவைத்த லென்ஸில் வரும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அரிசி டப்பா வேண்டாம், தவிட்டுத் தூசி உள்ளே போகும். தினமும் வெளியே எடுத்துப் பயன்படுத்தும் லென்ஸில் பூஞ்சை எளிதில் பிடிக்காது. ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பையிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு எடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி பனிக்கும்.

19. ஒரு வருஷம் முடிஞ்சது. திருப்பிப் பாத்தா பாதிக்கு மேல சுமார்தான். நான் கத்துக்கிட்டேனா இல்லையா?

முதல் மாதத்தின் மிகச் சிறந்த படத்தையும் கடைசி மாதத்தின் மிகச் சிறந்த படத்தையும் ஒப்பிடாதீர்கள். நல்ல படம் முதல் வாரத்திலேயே தற்செயலாகக் கிடைத்திருக்கலாம். மோசமானவற்றை ஒப்பிடுங்கள். முதல் மாதத்தின் மிக மோசமான ஐந்தையும் கடைசி மாதத்தின் மிக மோசமான ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிடிக்காத நாளில், தலைவலியோடு, பஸ்ஸுக்கு ஓடும்போது எடுத்தவை அவை. கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பது அங்கே தெரியும். கூடவே 13-இல் சொன்ன நோட்டு வரிகளையும் படியுங்கள்.

20. முடிச்ச பிறகு விடவும் மனசு வரல, இன்னொரு வருஷம் தெம்பும் இல்ல. நீங்க என்ன பண்றீங்க டீச்சர்?

முதல் வருஷம் முடிந்ததும் எட்டு மாதம் எடுக்கவில்லை. இரண்டாவது முறை, ஆஸ்பத்திரி டம்ளர் படம் தவிர, போனை விட்டுவிட்டுக் கேமராவில், 50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு மட்டும் எடுத்தேன். இப்போது வாரம் ஒரு படம், சனிக்கிழமை காலையில். லிவிங்ஸ்டன் மாதிரிப் பதினெட்டு வருஷம் போக எல்லோராலும் முடியாது, முடிய வேண்டும் என்றும் இல்லை.

சனிக்கிழமைகளில் பெரும்பாலும் அந்த டீக்கடைதான். போன வருஷம் பாய்லரை எடுத்துவிட்டுக் கேஸ் அடுப்பு வைத்துவிட்டார்கள். புகை படிந்த சுவருக்கு வெள்ளை டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள், ஆவி இனி அங்கே தெரியாது. பழைய மாஸ்டரும் ஊருக்குப் போய்விட்டார். அவரும் பாய்லரும் ஆவியும் இருக்கிற அந்த ஆறே முக்கால் மணிப் படத்தை அச்செடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார். மாஸ்டருக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார், அடுத்த வாரம் ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பப் போகிறோம்.